பயணச்சீட்டும் தாமதமும்

பண்டாரவளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1894ஆம் ஆண்டில். 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் நிற்கும் பட்டிப்பொலவைக் கடந்து, 1893இல் அப்புத்தளைக்கு இறங்கி, மறு ஆண்டு பண்டாரவளையில் வந்து நின்றது. பதுளை நகரை அது அடைய மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924இல்தான் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. ஆகையால் ஊவா மாகாணத்து மக்களுக்கு நெடுங்காலம் புகையிரதம் என்றால் பண்டாரவளை என்றே பொருளாயிற்று.

அதற்கு முன்னர் ஊவாவின் கோப்பியும் பிறகு தேயிலையும் மாட்டுவண்டிகளில் ஏறி, ஹல்துமுல்லை வழியாக இரத்தினபுரிப் பக்கம் இறங்கிக் கொழும்பை நாடின. ஆறு பெருகினால் வண்டிகள் அக்கரையில் நிற்கும். மாடு நொண்டினால் வண்டிக்காரன் அடுத்த அம்பலத்தில் தங்கிவிடுவான். இவற்றை எவரும் தாமதம் என்று கூறவில்லை. வண்டி வந்த நாளே அது வரவேண்டிய நாள். தாமதம் என்னும் குறை பிறப்பதற்கு முன்னால் நேர அட்டவணை என்னும் வாக்கு பிறக்க வேண்டும். அந்த வாக்கை ஊவாவுக்குக் கொண்டுவந்தது புகையிரதமே. வாக்குத் தவறினால் அதன் நட்டத்தைச் சுமப்பவர் யார், வண்டியை நடத்துபவரா, அதில் ஏறியவரா என்னும் வினாவும் அதனோடு கூடவே வந்தது. இந்த வினாவுக்கு உலகம் எவ்வாறு விடை கண்டது, அந்த விடை மலைநாட்டுத் தோட்டத்து மக்கள்வரை வந்து சேர்ந்ததா என்பதைப் பற்றியே, நேயர்களே, இங்கே கூற விழைகிறேன்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் இவ்வினா முன்னரே எழுந்துவிட்டது. 1856இல் டென்டன் என்பவர் ஒரு வழக்குத் தொடுத்தார். இருப்புப்பாதைக் கம்பனி அச்சிட்டிருந்த அட்டவணையில், லண்டனிலிருந்து ஹல் நகருக்கு ஒரு மாலை வண்டி காட்டப்பட்டிருந்தது. அப்பயணத்தின் கடைசிப் பகுதியை நடத்திவந்த வேறொரு கம்பனி தன் வண்டியை நிறுத்திவிட்டது, அட்டவணையோ திருத்தப்படவில்லை. அதனை நம்பிவந்த டென்டன் உரிய வேளையில் ஹல்லை அடைய முடியாமற் போயிற்று. அச்சிட்ட அட்டவணைக்குக் கம்பனி பொறுப்பென்று நீதிமன்றம் தீர்த்தது. சுவரில் ஒட்டிய தாள் வெறும் அறிவிப்பன்று, பயணியை நோக்கிச் சொன்ன சொல் என்பது அன்று நிலைபெற்றது.

எனினும் அச்சொல்லின் விலையை நீதிபதிகள் மிகக் குறைவாகவே மதித்தனர். 1875இல் முடிந்த ஹாப்ஸ் வழக்கு இதற்குச் சான்று. கணவன், மனைவி, இரு குழந்தைகள் அடங்கிய குடும்பமொன்று ஹம்டன் கோர்ட் என்னும் ஊருக்குச் சீட்டு வாங்கி நள்ளிரவு வண்டியில் ஏறிற்று. வண்டி அவர்களை வேறோர் ஊரில் இறக்கிவிட்டது. தங்குமிடமும் கிடைக்கவில்லை, வாடகை வண்டியும் கிடைக்கவில்லை. மழைத் தூற்றலில் பல மைல் நடந்தார்கள். மனைவிக்குக் குளிர்பிடித்து நோயாயிற்று. நடந்த துன்பத்துக்கு 8 பவுண், நோய்க்கு 20 பவுண் என்று யூரிமார் மதிப்பிட்டனர். நீதிமன்றமோ முன்னதை ஏற்றுப் பின்னதைத் தள்ளிவிட்டது. நோய் என்பது கம்பனியின் தவறிலிருந்து வெகுதூரம் விலகிய விளைவாம்! மழையில் குழந்தைகளோடு நடந்தால் காய்ச்சல் வரும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். அந்நீதிபதிகளுக்கு மட்டும் அது தொலைவாகத் தோன்றிற்று.

அடுத்த ஆண்டு, 1876இல், லெ பிளாஞ்ச் என்பவரின் வழக்கு வந்தது. இவர் லிவர்பூலிலிருந்து ஸ்கார்பரோவுக்குச் சென்ற முதல் வகுப்புப் பயணி. வண்டி பிந்தியதால் இணைப்பு வண்டி கைநழுவிற்று. அடுத்த வண்டிக்குக் காத்திராமல், யோர்க் நகரில் தமக்கென ஒரு தனி வண்டியையே வாடகைக்கு அமர்த்திக்கொண்டு போனார். அதன் செலவைக் கம்பனியிடம் கேட்டார். கம்பனி தவறியது உண்மைதான், ஆனால் தன் சொந்தப் பணமாயின் ஒரு விவேகி இச்செலவைச் செய்வானா என்று நீதிமன்றம் வினவிற்று. அவசரமான அலுவல் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. சிறிது நேரத்தை மிச்சப்படுத்தத் தனி வண்டியா என்று கூறிச் செலவை மறுத்தது. இந்த வழக்கை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 145 ஆண்டுகளுக்குப் பின்னர் இந்தியாவில் இதே வினா வேறு உடையில் வந்து நின்றது.

இனி நமது பாதைக்கு வருவோம். ரம்புக்கனைக்கு மேலே பதுளைவரையில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். ஏற்றம் 44 அடிக்கு ஓரடி என்னும் அளவுக்குச் செங்குத்தானது. வளைவுகளோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருபவை. எதிரெதிராக வரும் இரு வண்டிகள் நிலையங்களில் மட்டுமே விலகிக்கொள்ள முடியும். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட பாதையில் நுழைய, டெப்லட் எனப்படும் உலோக வட்டைச் சாரதி கையிற் பெற்றாக வேண்டும் என்பது இப்பாதையில் நெடுங்காலமாகப் பேணப்பட்ட முறை. அந்த வட்டு இல்லாமல் வண்டி நகராது. உயிருக்கு இது நல்ல காவல்தான். ஆயினும் இதன் பயனாக ஒரு வண்டியின் தாமதம் எதிரே வரும் வண்டிக்கும் தொற்றிக்கொள்கிறது. அட்டனருகே ஓர் எஞ்சின் மூச்சுவாங்கினால் எல்லையில் நிற்பவரின் பொழுது கழிகிறது. கொழும்பிலிருந்து பதுளைவரையுள்ள 292 கிலோமீற்றரில் பிந்துவதற்கான காரணங்கள் மலையிலேயே பதிந்துகிடக்கின்றன. இதற்குமேல் மழையும் மண்சரிவும் வேறு.

இப்பாதையை நடத்தியது தனியார் கம்பனி அன்று, அரசாங்கமே. அரசின்மேல் குடிமகன் வழக்கிட முடியுமா? இங்கிலாந்தில் இதற்குப் பெருந்தடைகள் இருந்தன. இலங்கையில் நிலைமை சற்று வேறு. உரோமன் ஒல்லாந்தச் சட்டமும் நெடுநாள் வழக்கமும் கலந்த இந்நாட்டில், ஒப்பந்தத்தை மீறினால் முடியரசின்மேலும் வழக்கிடலாம் என்பதைச் சிமான் அப்பு வழக்கில் 1884ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தமில்லாத வேறு தீங்குகளுக்கு அரசைப் பொறுப்பாளியாக்க 1969ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே 1894இல் பண்டாரவளையில் வண்டியேறிய ஒருவருக்கு ஏதேனும் உரிமை இருந்ததென்றால் அது அவர் கையிலிருந்த சீட்டில் இருந்தது. சீட்டே ஒப்பந்தம், ஒப்பந்தமே உரிமை.

தோட்டத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளியின் கையில் இருந்த சீட்டு எத்தகையது? 1901ஆம் ஆண்டளவில் தகர டிக்கட் முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் பதிவு இலக்கம் பொறித்த சிறு தகர வட்டு அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடப்படும். அதைக் காட்டினால் இரயிலும் கப்பலும் முகாமும் அவரை ஏற்றுக்கொள்ளும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டக் கணக்கிலிருந்து அது கங்காணியின் கணக்குக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளியின் கடனுக்கும் இறங்கிவரும். பயணம் செய்தவர் அவர், இறுதியில் பணம் கொடுத்தவரும் அவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் வண்டியோடு ஒப்பந்தம் செய்தவர் துரை! தகர வட்டில் தோட்டத்தின் இலக்கம் இருந்தது. சேரும் நேரமும் இல்லை, அவருடைய பெயரும் இல்லை. முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட நாட்களும், இணைப்பு வண்டிக்காகச் சந்தியில் கழிந்த இரவுகளும், பெரட்டில் பெயர் விழுந்து சம்பளம் தொடங்கும் நாளைத் தள்ளிப்போட்டன. அந்த இழப்பைக் கேட்க அவருக்கு ஒரு காகிதமும் இல்லை. 1923ஆம் ஆண்டின் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னரே, ஆட்சேர்ப்புச் செலவைத் தோட்டங்கள் செலுத்தும் பொது நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இந்தியாவோ 1939இல் தொழிலாளர் இலங்கை செல்வதையே தடைசெய்துவிட்டது.

அதே காலத்தில் அதே வழியில் சீட்டு வாங்கிச் சென்றோரின் நிலையைப் பார்ப்போம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இந்தோ–சிலோன் போட் மெயில் ஓடத் தொடங்கிற்று. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு, தனுஷ்கோடிவரை ஒரு வண்டி, தலைமன்னாருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மற்றொரு வண்டி என்று மூன்றிலும் செல்லலாம். ஊவாவுக்கு வருவோர் பொல்காவலைச் சந்தியில் மலைநாட்டு வண்டிக்கு மாறவேண்டும். இரு நாட்டு இருப்புப்பாதைகளும் ஒரு கப்பலும் ஒரே சீட்டுக்குள் அடங்கியிருந்தன. கப்பலின் வருகையை ஒட்டியே வண்டிகளின் நேரமும் வகுக்கப்பட்டிருந்தது. பயணம் முழுவதும் ஒரே வாக்காக இருந்தமையால், நடுவே ஒரு கண்ணி பிந்தினால் அடுத்த கண்ணிக்கும் அது கவலையாயிற்று. இதன் அருமை, அது அறுந்தபின்னரே தெரிந்தது.

1964 டிசெம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகையிரதத்தையும் கடல் கொண்டது. அதற்கு ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமாகியிருந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பண்டாரவளை, பதுளை, பசறைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெட்டி கட்டியவர்கள் தலைமன்னார் சென்று, அழிந்த தனுஷ்கோடிக்கு மாற்றாக இராமேசுவரத்தில் இறங்கினார்கள்.

வரலாற்றாசிரியர்கள் இதனைக் குடியுரிமைப் பிரச்சினையாகவே எழுதியிருக்கிறார்கள். அது சரியே. எனினும் பயணியின் பக்கத்திலிருந்து நோக்கினால், இது இந்நாட்டு வரலாற்றிலேயே மிக நீண்ட தாமதமும் ஆகும். 15 ஆண்டுகளில் முடியும் என்று திட்டமிட்ட பயணம் முடியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டைக் கையிற் பெற்றும், சேவைக்காலப் பணத்துக்கும் ஏனைய பத்திரங்களுக்கும் காத்திருந்து கப்பலேறாது நின்றவர் பலர். 1984இல் போரின் காரணமாகக் கப்பல் சேவை நின்றது. தோட்டத்துப் பதிவேட்டில் வெளிநாட்டவராகவும், வாழ்விலே உள்ளூராராகவும் அவர்கள் லயத்திலேயே இருந்துவிட்டார்கள். அவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டமேற்பாடுகள் 1988இலும் 2003இலும் அதன் பின்னரும் படிப்படியாக வந்தன. காத்திருந்த ஆண்டுகளில் அரச உத்தியோகம் கிட்டாத பிள்ளைகளுக்கும், வாக்கில்லாது முதுமையடைந்த பெரியவர்களுக்கும் எவர் எதைக் கொடுத்தார் என்று கேட்டால், அந்த ஏட்டில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதற்கிடையில் வான்வழி திறந்துவிட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைப் பகுதியிலே பலாலியில் இறங்கி, சென்னை சென்றது. விமானப் பயணத்தின் தாமதத்துக்கு விதி அதற்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. 1929ஆம் ஆண்டின் வார்சோ உடன்படிக்கை, தாமதத்தால் வரும் நட்டத்துக்கு விமானக் கம்பனி பொறுப்பு என்று கூறி, தவிர்ப்பதற்கு வேண்டிய யாவும் செய்தோம் என்று காட்டினால் விடுதலையும் அளித்தது. 1999ஆம் ஆண்டின் மொன்ரியல் உடன்படிக்கை அதனைப் புதுப்பித்தது. இலங்கை அதற்கெனச் சட்டமியற்றியது 2018ஆம் ஆண்டில். இவ்வுடன்படிக்கையின்படி தாமதத்துக்கு ஒரு பயணி கேட்கக்கூடிய உச்ச அளவு 2024 டிசெம்பர் இறுதியில் 6,303 அலகுகளாக உயர்த்தப்பட்டது. சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் சிறப்பு அலகு அது. இது எவருக்கும் தானாக வந்து சேர்வதில்லை. இன்ன நட்டம் எனக்கு ஏற்பட்டது என்று பயணியே பற்றுச்சீட்டுகளோடு காட்டவேண்டும்.

ஐரோப்பா இந்த இடத்தில் ஓரடி முன்னே வைத்தது. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, நட்டத்தைக் காட்டு என்று பயணியைக் கேட்பதில்லை. மூன்று மணி நேரமோ மேலோ பிந்திச் சேர்ந்தாலே போதும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் ஸ்டர்ஜன் வழக்கில் விளக்கிற்று. 1,500 கிலோமீற்றருக்கு உட்பட்ட குறும்பயணமாயின் 250 யூரோ. பாரிசிலிருந்து ரோமுக்குச் செல்பவர், சீட்டை அதனினும் மலிவாக வாங்கியிருந்தாலும், அத்தொகைக்கு உரியவர். இயல்புக்கு மாறான காரணங்களால் பிந்தியது என்று கம்பனி நிறுவினால் அத்தொகை இல்லை. அப்போதும் உணவும் தங்குமிடமும் கொடுத்தே ஆகவேண்டும். 2010இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் வானத்தை மூடியபோதுகூட அக்கடமை நீங்கவில்லை என்று 2013இல் தீர்ப்பாயிற்று. எரிமலை கம்பனியின் குற்றமன்று. பசியும் பயணியின் குற்றமன்று. கொழும்பிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீற்றர். பாரிஸ்–ரோம் பயணத்தினும் குறுகியது. அத்தூரத்தில் பிந்தியவருக்கு அப்படியொரு நிலையான தொகை இல்லை.

நீதிமன்றம் சொன்ன மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதீர் நகருக்குச் சென்ற ஒரு பயணியின் வழக்கில், இடையில் விமானம் மாறினாலும் ஒரே முன்பதிவாயின் அது ஒரே பயணம் என்று 2018இல் தீர்த்தார்கள். போட் மெயிலின் ஒற்றைச் சீட்டு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. ஆனால் தனித்தனியே வாங்கிய சீட்டுகளுக்கு இக்காவல் இல்லை.

ஊவாவின் இக்காலத்துப் பயணியோ தனித்தனிச் சீட்டுகளோடு செல்பவர். 1970களின் பிற்பகுதி தொடங்கி மலைநாட்டுப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்குப் புகையிரதம் அல்லது மற்றொரு பஸ், பின்னர் கட்டுநாயக்கா, அதன்பின் விமானம். விமானச் சீட்டைப் பெரும்பாலும் முகவரே கொடுக்கிறார். தகர வட்டு நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே சட்டம் சற்று மேலானது. பணம் கொடுத்தவர் எவராயினும் பயணி பயணியே. எனினும் அந்தச் சட்டம் விமான நிலைய வாயிலில்தான் தொடங்குகிறது. ஒஹியாவுக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் இடையே மண் சரிந்து வண்டி நின்று, அதனால் விமானம் போய்விட்டால், விமானக் கம்பனி சொல்வது இதுதான்: நாங்கள் பிந்தவில்லையே!

இங்கேதான் லெ பிளாஞ்ச் திரும்பி வருகிறார். 2016இல் ஓர் இந்தியக் குடும்பம் அஜ்மீர்–ஜம்மு விரைவு வண்டியில் சென்றது. வண்டி நான்கு மணி நேரம் பிந்தியது. ஜம்முவில் ஏறவேண்டிய ஸ்ரீநகர் விமானம் போய்விட்டது. அவர்கள் 15,000 ரூபாவுக்கு வாடகைக் கார் பிடித்து மலைவழியே சென்றார்கள். இருப்புப்பாதைத் துறை, வண்டி பிந்துவதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று தன் விதிகளைக் காட்டிற்று. 2021 செப்டெம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதைக் காட்டவேண்டியது துறையே. காட்டாவிடின் நட்டத்தைக் கொடுக்கவேண்டும் என்றது. கார் வாடகையும் பிற இழப்புகளும் கிடைத்தன. தனி வண்டி பிடித்தவருக்கு 1876இல் இல்லையென்று சொல்லப்பட்டது. கார் பிடித்தவருக்கு 2021இல் ஆமென்று சொல்லப்பட்டது. விவேகியின் உரைகல் ஒன்றேதான். முன்னவருக்கு அவசரம் இல்லை; பின்னவர்களுக்கு இருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கையிலிருந்ததும் பெரிய வேறுபாடு. வேறுவேறு சீட்டுகளுக்கு இடையே இருந்த பள்ளத்தின்மேல் அத்தீர்ப்பு ஒரு பாலம் போட்டது. அது இந்தியாவின் தீர்ப்பு. பாக்குநீரிணையை அது தாண்டுவதில்லை.

மலைவழியின் இடர்கள் குறைந்துவிடவும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பேருயிர்ச்சேதம் விளைத்தன. மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களில் அறுந்தது. அத்தகைய பேரிடரில் நட்டஈடு கேட்பார் எவரும் இல்லை. ஐஸ்லாந்துத் தீர்ப்பு கூறிய உணவும் படுக்கையும் வேறு வினா. அவற்றை யார் கொடுப்பது என்பது இங்கே இன்னும் சட்டமாக எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. ஐரோப்பாவிலும்கூடப் புகையிரதமும் பஸ்ஸும் விமானமும் கலந்த பயணத்துக்கு உரிமை வகுக்கும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது 2023 நவம்பரில்தான்.

இதுவரையில் ஊவாவின் பயணிகள் தாமே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விமானம் நாளை இரவு என்றால் இன்று காலையே தோட்டத்தை விட்டுக் கிளம்புவது. கொழும்பில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ ஓரிரவைக் கழிப்பது. விடுதிக் கட்டணம், இரு வேளைச் சாப்பாடு, உடன் வந்தவரின் ஒருநாள் பெயர், இவையெல்லாம் பயணம் தொடங்குமுன்னரே குடும்பத்தின் கையிலிருந்து போய்விடுகின்றன.